காரின் காற்றாடியை மாற்றுவதற்கு முன்

தம்பினிலிருந்து கெமெஞ்சே வழியாகக் கெமாஸ் செல்லும் முதலாம் எண் கூட்டரசுச் சாலையை ஒட்டிய தோட்டங்களில் வாழும் நம்மவருக்குக் கார் என்பது ஆடம்பரப் பொருளன்று. லயத்து வீட்டிலிருந்து பெருஞ்சாலையை அடையவே செம்மண் பாதையில் நெடுந்தூரம் செல்ல வேண்டிய தோட்டங்கள் உண்டு. பிரசவ வலி கண்ட பெண்ணைத் தம்பின் மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதும், பிள்ளைகளைப் பள்ளியில் விடுவதும், மாதச் சாமான் வாங்கி வருவதும் பெரும்பாலும் இரண்டாங்கையாக வாங்கிய ஒரு பழைய வண்டியை நம்பியே நடைபெறுகின்றன. அவ்வண்டி நடுவழியில் ஆவி கக்கி நின்றுவிட்டால் அன்றைய பாடு திண்டாட்டமே. அதோடு முடிவதுமில்லை, ஒரு முறை கொதித்து நின்ற இயந்திரத்தைச் செப்பனிட ஆகும் செலவு, பால் வெட்டிச் சேர்த்த பல மாதச் சேமிப்பை விழுங்கிவிடக் கூடும்.

இத்தகைய வண்டி வைத்திருப்போரிடையே அடிக்கடி கேட்கும் பேச்சொன்று உண்டு. "அண்ணே, அந்தக் கிளட்ச் காற்றாடியைக் கழற்றிப் போட்டுவிட்டு மின்காற்றாடி ஒன்றை மாட்டிவிடுங்கள். சூடும் அடங்கும், பெட்ரோலும் மிச்சப்படும்" என்று ஒருவர் கூறுவார். கேட்டவர் மறுவாரமே பழைய சாமான் கடைக்குச் சென்று, ஏதேனும் ஒரு காரிலிருந்து கழற்றிய காற்றாடியை வாங்கி வந்துவிடுவார். இந்த யோசனையில் உண்மையும் உண்டு, பிழையும் உண்டு. இரண்டையும் பிரித்தறிந்து கொள்வதற்கே இப்பாடம்.

முதலில் சூடு எங்கிருந்து வருகிறது என்பதனைக் காண்போம். இயந்திரத்தில் எரியும் பெட்ரோலின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே சக்கரத்தை உருட்டும் வேலைக்குப் பயன்படுகிறது. மற்றொரு பங்கு புகைக்குழாய் வழியே வெளியேறுகிறது. எஞ்சிய பங்கு, இயந்திரத்தைச் சுற்றி ஓடும் நீரில் வெப்பமாகச் சேர்கிறது. அந்நீரை வாட்டர் பம்ப் ரேடியேட்டருக்குத் தள்ள, ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளினூடே புகும் காற்று அவ்வெப்பத்தை வாங்கிச் செல்கிறது. கார் மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் ஓடும்போது எதிர்க்காற்றே இவ்வேலையைச் செய்துவிடும். காற்றாடிக்கு அப்போது வேலை மிகக் குறைவு. செம்மண் பாதையில் ஊர்ந்து செல்லும்போதும், ரயில் கடவைத் தடுப்பின் முன் காத்து நிற்கும்போதும்தான் காற்றாடி இன்றியமையாததாகிறது.

மிகப் பழைய கார்களில் காற்றாடி, வாட்டர் பம்பின் அச்சிலேயே நேராக முடுக்கப்பட்டிருந்தது. இயந்திரம் எவ்வளவு வேகமாகச் சுழல்கிறதோ அவ்வளவு வேகமாக அதுவும் சுழலும். இதில் ஒரு நட்டமுண்டு. காற்றாடியின் வேகம் இரு மடங்கானால், அதனைச் சுழற்றத் தேவையான சக்தி எட்டு மடங்காகிறது. ஆதலால் வேகமாகச் செல்லும்போது, தேவையே இல்லாத காற்றாடி, பெருஞ் சத்தத்துடன் இயந்திரத்தின் சக்தியைத் தின்று கொண்டிருக்கும். இக்குறையைப் போக்கவே காற்றாடிக்கும் பம்புக்கும் இடையில் கிளட்ச் ஒன்றை வைத்தார்கள்.

இந்தக் கிளட்ச், காலால் மிதிக்கும் கியர் கிளட்ச்சைப் போன்றதன்று. உள்ளங்கையளவு அலுமினியப் பெட்டி; அதனுள் சிலிக்கோன் எண்ணெய். முன்முகத்தில் இருவகை உலோகங்களை ஒட்டிச் செய்த சிறு சுருள் ஒன்று இருக்கும். ரேடியேட்டரைக் கடந்து வரும் காற்று சூடாக இருந்தால் சுருள் முறுக்கிக் கொண்டு, உள்ளே ஒரு சிறு வாயிலைத் திறந்துவிடும். எண்ணெய், தகடுகளுக்கிடையே உள்ள பள்ளங்களில் நிரம்பும். பம்புடன் சுழலும் தகடு, அவ்வெண்ணெயின் பிசுபிசுப்பினால் வெளிப் பெட்டியையும் அதனோடு பிணைந்த காற்றாடியையும் இழுத்துச் சுழற்றும். பால் ஸ்டோரில் அமிலம் ஊற்றிய பால் உறையத் தொடங்கும்போது, கலக்கும் துடுப்பை அது இறுகப் பிடித்துக் கொள்வதனைப் பார்த்திருப்பவர்களுக்கு இந்த இழுவை எளிதில் விளங்கும். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. சூட்டினால் எண்ணெய் பாலைப் போல் உறைந்து கெட்டிப்படுவதில்லை. எண்ணெய் இருக்கும் இடந்தான் மாறுகிறது. காற்று குளிர்ந்ததும் வாயில் மூடிக்கொள்ள, எண்ணெய் தன் பழைய அறைக்குத் திரும்பிவிடும். காற்றாடி தளர்ந்து சோம்பலாகச் சுற்றும். காலையில் வண்டியை எடுத்தவுடன் ஓரிரு நிமிடம் காற்றாடி இரைந்துவிட்டுப் பின் அடங்குவது, இரவில் எண்ணெய் இடம் மாறித் தங்கிவிட்டதனால் ஏற்படுவது. அதனைப் பழுதென்று எண்ணிக் கலங்க வேண்டியதில்லை.

மின்காற்றாடி இதனினும் எளிய ஏற்பாடு. மின்மோட்டார் ஒன்று, நீர் சூடானதும் அதனை இயக்கிவிடும் வெப்பச் சுவிட்சு ஒன்று. நம் நாட்டில் இது பரவலாகத் தெரிய வந்ததற்கு முன்சக்கர இழுவைக் கார்களே காரணம். 1985ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் அறிமுகம் கண்ட புரோட்டோன் சாகாவின் இயந்திரம், வண்டியின் குறுக்கே படுத்திருக்கும். அதன் பெல்ட் சக்கரம் பக்கவாட்டுச் சக்கரத்தை நோக்கியிருக்க, ரேடியேட்டரோ முன்புறத்தில் இருக்கிறது. பெல்ட்டினால் காற்றாடியைச் சுழற்ற அங்கு வழியில்லை, மின்சாரமே வழி. 1994இல் வந்த பெரோடுவா கஞ்சிலும் அவ்வாறே. (1959இல் இங்கிலாந்தில் வெளிவந்த மினி காரிலும் இயந்திரம் குறுக்கேதான் இருந்தது. அவர்கள் ரேடியேட்டரையே பக்கவாட்டுக்குக் கொண்டுபோய்ச் சக்கரத்தின் அருகில் வைத்துப் பழைய காற்றாடியைக் காப்பாற்றிக் கொண்டனர். கெட்டிக்காரத்தனமான வேலைதான், ஆனால் சேற்றுக்கும் தூசிக்கும் அது நல்ல இடமன்று.) பின்சக்கரத்தால் ஓடும் பழைய கார்களிலும், டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற பிக்கப் வண்டிகளிலும் இயந்திரம் நெடுக்காக இருப்பதால் கிளட்ச் காற்றாடி நீடித்து வந்திருக்கிறது. மாற்ற வேண்டுமென்ற பேச்சு எழுவதும் இவ்வண்டிகளைப் பற்றியே.

இனி முக்கியமான செய்திக்கு வருவோம். கார் சூடேறினால், எப்போது சூடேறுகிறது என்பதனை முதலில் கவனிக்க வேண்டும். நிற்கும்போதும் ஊரும்போதும் ஊசி மேலேறி, பெருஞ்சாலையில் ஓடத் தொடங்கியதும் இறங்கிவிடுமானால் குறை காற்றில் இருக்கிறது. காற்றாடியைச் சந்தேகிப்பது நியாயம். ரெம்பாவ் நோக்கிச் சமதரையில் நல்ல வேகத்தில் ஓடும்போது ஊசி ஏறுமானால் காற்றாடிக்கும் அதற்கும் தொடர்பில்லை. குறை நீரோட்டத்தில் இருக்கலாம்: ரேடியேட்டரின் உட்குழாய்கள் துருவும் சுண்ணாம்பும் படிந்து அடைபட்டிருக்கலாம், தெர்மோஸ்டாட் திறக்காமல் ஒட்டியிருக்கலாம், பெல்ட் தளர்ந்து பம்ப் நழுவலாம், சிலிண்டர் ஹெட் கேஸ்கட் கசியலாம். இத்தகைய காரில் எத்தனை மின்காற்றாடி மாட்டினாலும் பயனில்லை. வாங்கிய பணம் வீண். அதைவிடக் கேடு, "புதுக் காற்றாடி இருக்கிறதே" என்ற நம்பிக்கையில் மேலும் ஓட்டி, இயந்திரத்தையே இழக்க நேரும். வார்ப்பிரும்பு பிளாக்கின்மேல் அலுமினியத் தலை பொருந்திய இயந்திரங்களில் இரண்டும் சூட்டில் ஒரே அளவாக விரிவதில்லை. கடுஞ்சூட்டில் அலுமினியம் வளைந்துவிடும். பிறகு தலையைக் கழற்றி இழைத்துச் சமப்படுத்த வேண்டும். முடியாவிடில் மாற்ற வேண்டும்.

செலவில்லாமல் செய்யத்தக்க பார்வைகள் சில உண்டு. ரேடியேட்டரின் முகத்தில் செம்மண் தூசியும் லாலாங் புல்லின் பஞ்சும் பூச்சிகளும் அடைந்திருப்பது தோட்டத்து வண்டிகளில் சாதாரணம். நீர்க்குழாயைக் கொண்டு இயந்திரப் பக்கத்திலிருந்து முன்னோக்கி மெதுவாகக் கழுவிவிட்டாலே பாதி நோய் தீர்ந்த வண்டிகள் உண்டு. ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வளையத்தையும் பாருங்கள். அம்மூடி ஒரு சதுர அங்குலத்திற்குச் சுமார் 13 பவுண்டு அழுத்தத்தை உள்ளே அடக்கி வைக்கிறது. அவ்வழுத்தத்தினால் நீர் 100 டிகிரியில் கொதிக்காமல் ஏறத்தாழ 120 டிகிரி வரை தாங்குகிறது. மூடி கசிந்தால் அப்பாதுகாப்பு போயிற்று. இதனாலேயே சூடான இயந்திரத்தின் மூடியைத் திறக்கலாகாது: அழுத்தம் நீங்கிய கணமே உள்ளிருக்கும் நீர் ஆவியாகப் பொங்கி முகத்தையும் மார்பையும் வேக வைத்துவிடும். அரை மணி நேரமாவது பொறுத்து, தடித்த துணியைப் போட்டு, சிறிது சிறிதாகத் திருப்புக. ரேடியேட்டரில் ஊற்றும் பச்சை நிறக் கலவை துருவைத் தடுக்கும் நல்ல பொருளே. ஆனால் அதில் பெரும்பாலும் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுள்ள நஞ்சு. மீந்ததைப் பானப் போத்தலில் ஊற்றி வைப்பது எவ்வளவு ஆபத்து என்பதனைச் சிறுவர் உள்ள வீட்டாருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கிளட்ச் காற்றாடியைச் சோதிப்பதும் எளிது. இயந்திரம் நன்கு சூடேறிய பின் அதனை நிறுத்தி, சாவியையும் எடுத்துவிட்டுக் காற்றாடியைக் கையால் சுழற்றிப் பார்க்க வேண்டும். பிசுபிசுப்பான தடை தெரிந்து, கையை எடுத்ததும் நின்றுவிட்டால் கிளட்ச் நன்றாக இருக்கிறது. தடையின்றிப் பல சுற்று சுற்றினால் எண்ணெய் ஒழுகிவிட்டதென்று பொருள். பெட்டியின்மேல் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் தெறித்த கருங்கோடுகளும் அதற்குச் சாட்சி கூறும். முற்றிலும் இறுகி அச்சோடு ஒன்றாகிவிட்டிருந்தால் வண்டி சூடேறாது; எப்போதும் இரையும், பெட்ரோல் குடிக்கும். காற்றாடி முன்னும் பின்னும் ஆடினால் உடனே கவனிக்க வேண்டும். பம்பின் பேரிங்கைக் கெடுத்து, ஒருநாள் கழன்று ரேடியேட்டரில் பாய்ந்துவிடும். பழுது கிளட்ச்சில் மட்டுமே என்று தெரிந்தால், அதற்கீடான கிளட்ச் ஒன்றை வாங்கி மாட்டுவதே பல சமயங்களில் எளிதும் மலிவும் ஆகும்.

அவ்வாறாயின் மின்காற்றாடி எவருக்கு நன்று? பழைய பெட்ரோல் கார் வைத்து, பெரும்பாலும் மெதுவாக, நின்று நின்று செல்பவருக்கு நன்று. வண்டி நிற்கும்போது இயந்திரத்தின் வேகம் குறைவு. ஆகவே பெல்ட் காற்றாடியின் காற்றும் குறைவு. மின்காற்றாடியோ இயந்திர வேகத்தைப் பொருட்படுத்தாமல் முழுவேகத்தில் சுழலும். மழைக்காலத்தில் பாதையில் நீர் பெருகியிருக்கும்போதும் இதில் ஒரு நன்மை உண்டு. பெல்ட் காற்றாடியின் இறகுகள் நீரில் மோதி முன்னோக்கி வளைந்து ரேடியேட்டரைக் கிழித்ததுண்டு. மின்காற்றாடியைச் சுவிட்சு வைத்து அணைத்துக் கொள்ளலாம்.

டீசல் பிக்கப்பில் கட்டிப்பால் மூட்டைகளை ஏற்றிச் செல்பவருக்கும், சிரம்பானிலிருந்து கோலப்பிலா செல்லும் பழைய புக்கிட் பூத்துஸ் சாலை போன்ற வளைவு மேடுகளில் பாரத்துடன் ஏறுபவருக்கும் இதனை நாம் பரிந்துரைக்க மாட்டோம். அங்கே வண்டியின் வேகம் குறைவு, இயந்திரத்தின் வேகமோ அதிகம். அத்தருணத்தில் கிளட்ச் காற்றாடி இயந்திரத்திலிருந்து நேராக வாங்கும் சக்திக்கு, சிறு காரிலிருந்து கழற்றிய மின்மோட்டார் ஈடாகாது. பெட்ரோல் மிச்சப்படும் என்ற பேச்சையும் அளவோடு கொள்ளல் வேண்டும். நல்ல கிளட்ச், தேவையற்ற வேளையில் தானே தளர்ந்துவிடுகிறது. மின்காற்றாடிக்கான மின்சாரமும் இலவசமாக வருவதன்று. அதே இயந்திரம் சுழற்றும் ஆல்டர்னேட்டரிலிருந்துதான் வருகிறது. மாதக் கடைசியில் கையில் நிற்கும் தொகை சிறிதாகவே இருக்கும்.

மாற்றுவதென்று முடிவு செய்தவர், காற்றாடியை வாங்குமுன் ஒரு கணக்குப் போட வேண்டும். இரவு, மழை என்று வைத்துக் கொள்வோம். 55 வாட் முன்விளக்கு இரண்டுக்கும் 110 வாட். 12 வோல்ட்டில் அது சுமார் 9 ஆம்பியர். பின்விளக்கு முதலியவற்றுக்கு 3, மழைத் துடைப்பானுக்கு 4, இயந்திரத்தின் பொறிக்கும் பிறவற்றுக்கும் 5 ஆக 21 ஆம்பியர். குளிர்சாதனம் இருந்தால் மேலும் 15 எனக் கொள்வோம். மொத்தம் 36. இதன்மேல் 15 ஆம்பியர் குடிக்கும் காற்றாடியைச் சேர்த்தால் 51. நம் பழைய காரின் ஆல்டர்னேட்டர் 40 ஆம்பியர் மட்டுமே தருவதாக இருந்தால் குறைவதனைப் பேட்டரிதான் ஈடு செய்ய வேண்டும். நிற்கும்போது ஆல்டர்னேட்டர் தன் முழு அளவையும் தருவதில்லை என்பதனையும் நினைவிற் கொள்க. பேட்டரி சோர்ந்து, விளக்கு மங்கி, காற்றாடியும் தளர்ந்து, நீக்க நினைத்த சூடே திரும்பி வரும். குளிர்சாதனம் இல்லாத காரில் இக்கணக்கு 36இல் முடிந்துவிடுவதால் அச்சமில்லை. ஆல்டர்னேட்டரின் அளவு அதன்மேல் ஒட்டிய தகட்டில் குறித்திருக்கும்.

கழற்றும் வேலையில் இரண்டு இடங்களில் கவனம் தேவை. பல வண்டிகளில் காற்றாடிக் கிளட்ச்சையும் பம்பின் பெல்ட் சக்கரத்தையும் அதே நான்கு திருகுகள் சேர்த்துப் பிடித்திருக்கும். கிளட்ச்சை எடுத்தபின் அதன் கனத்திற்கு ஈடான வளையங்களையிட்டு நட்டுகளை இறுக்கினால்தான் சக்கரம் ஆடாமல் நிற்கும். பெல்ட்டைக் கழற்றிவிடலாம் என்று எவரேனும் கூறினால் கேட்காதீர். வாட்டர் பம்ப் சுழல அது வேண்டும். நடுவில் ஒரே பெரிய நட்டு உள்ள வண்டிகளில் சில இடப்புரியாக இருக்கும். எந்தப் பக்கம் திருப்ப வேண்டுமென்று வண்டியின் நூலைப் பார்த்தறிந்த பின்னரே கை வைக்க வேண்டும்.

காற்றாடி ரேடியேட்டருக்குப் பின்னால், இயந்திரப் பக்கத்தில் நின்று காற்றை இழுப்பதே நன்று. முன்னால் வைத்தால் ஓடும்போது வரும் எதிர்க்காற்றை அதுவே மறைக்கும். ரேடியேட்டரின் முகத்தை இயன்றவரை முழுதும் மூடும் தகட்டுக்கூடு அவசியம். கூடில்லாத காற்றாடி தனக்கு நேரெதிரே உள்ள வட்டத்திலிருந்து மட்டுமே காற்றை இழுக்கும். மூலைகள் சூடாகவே கிடக்கும். மோட்டாரின் பின்புறத்திற்கும் பம்பின் சக்கரத்திற்கும் இடையே இரண்டு விரற்கடை இடைவெளியாவது இருத்தல் வேண்டும். கடைகளில் விற்கும் நெகிழிக் கட்டுகளை ரேடியேட்டரின் தகடுகளூடே கோத்துக் காற்றாடியைத் தொங்கவிடும் வழக்கத்தை நாம் ஏற்பதற்கில்லை. அதிர்வினால் அவை நாளடைவில் நீர்க்குழாயையே அறுத்துவிடும். இரும்புப் பட்டை இரண்டை வளைத்து ரேடியேட்டரின் சட்டத்தில் முடுக்குவது பட்டறையில் சிறிது நேர வேலைதான். மாட்டியபின் முகப்பில் ஒரு தாளைப் பிடித்துப் பாருங்கள். தாள் ஒட்டிக் கொண்டால் திசை சரி; பறந்து விலகினால் ஒயர்கள் மாறியுள்ளன. ஒயரை மாற்றினால் திசை மாறும், ஆனால் இறகின் வளைவு எதிர்த் திசைக்கு என்று செய்யப்பட்டிருந்தால் காற்று மிகக் குறைந்தே வரும்.

ஒயர் வேலையே உயிர்நாடி. காற்றாடியின் மின்சாரத்தை வெப்பச் சுவிட்சின் வழியாகவோ டேஷ்போர்டுச் சுவிட்சின் வழியாகவோ நேரே ஓடவிடலாகாது. அச்சிறு தொடுமுனைகள் கருகிவிடும். ரிலே ஒன்று வேண்டும். ரிலேயின் அடியில் 30, 85, 86, 87 என நான்கு எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து 30 ஆம்பியர் பியூஸ் வழியாக வரும் தடித்த ஒயர் 30க்கு. அங்கிருந்து காற்றாடிக்குச் செல்வது 87. சாவியைத் திருப்பியபின் மட்டும் மின்சாரம் வரும் ஒயர் ஒன்றை 86க்குக் கொடுத்து, 85ஐ வெப்பச் சுவிட்சின் வழியாக வண்டியின் உடலில் இணைக்க வேண்டும். நீர் சூடானதும் சுவிட்சு மூடிக்கொள்ள, ரிலே காற்றாடியை இயக்கும். தடித்த ஒயர் 4 சதுர மில்லிமீட்டருக்குக் குறையலாகாது. மோட்டார் தொடங்கும் நொடியில் வழக்கமான மின்சாரத்தைப் போல் இரண்டு மூன்று மடங்கு இழுக்கும். பியூஸை பேட்டரிக்கு மிக அருகில் வைக்க வேண்டும். பேட்டரிக்கும் பியூஸுக்கும் இடையிலுள்ள ஒயர் எங்கேனும் உரசித் தோலுரிந்தால் அதனைத் தடுக்க எதுவுமில்லை. பெட்ரோல் குழாய் அருகிலிருந்தால் வண்டியே எரிந்துபோகும். பியூஸ் அடிக்கடி போகிறதென்று அதனிடத்தில் சிகரெட் தாளையோ ஆணியையோ வைப்பது, அத்தீயைத் தாமே மூட்டுவதற்கு ஒப்பாகும்.

வெப்பச் சுவிட்சு, இயந்திரத்திலிருந்து நீர் வெளியேறும் மேற்குழாயருகில் பொருத்தப்படுமானால் சுமார் 95 டிகிரியில் இயங்கி 88 டிகிரியளவில் நிற்பது பொருத்தம். தெர்மோஸ்டாட் 82 டிகிரியில் திறக்கும் காரில், 80 டிகிரிச் சுவிட்சைப் போட்டால் காற்றாடி ஓய்வின்றிச் சுழன்று மோட்டார் விரைவில் தேய்ந்துவிடும். குளிர்சாதனம் உள்ளவர்கள், அதனைப் போட்டவுடன் காற்றாடியும் இயங்குமாறு மற்றோர் ஒயரைச் சேர்த்துக் கொள்ள வேண்டும். டேஷ்போர்டில் சிறு விளக்கொன்று வைத்து, காற்றாடிக்கு மின்சாரம் போகிறதா என்று காணச் செய்வது மிகவும் பயனுள்ள சிறு செலவு.

முன்னெச்சரிக்கை ஒன்று, பழைய காற்றாடியோடு பழகியவர்களுக்கு. பெல்ட் காற்றாடி இயந்திரம் நின்றால் நின்றுவிடும். பல புதிய கார்களின் மின்காற்றாடி சாவியை எடுத்த பின்னரும், நீர் சூடாயிருக்கும்வரை, முன்னறிவிப்பின்றிச் சுழலத் தொடங்கும். விரல் போனால் பால்வெட்டும் கை போயிற்று. பானட்டைத் திறந்து கையை உள்ளே விடுமுன், எந்தக் காராயினும், பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுவது நன்று.

வேலை முடிந்ததும் உடனே தொலைதூரம் செல்லலாகாது. வீட்டு வாசலில் இயந்திரத்தை ஓடவிட்டு, காற்றாடி தானே இயங்கித் தானே நிற்பதனை மூன்று முறையாவது காண வேண்டும். பின் ரிலேயையும் ஒயர்களையும் தொட்டுப் பார்க்க வேண்டும். இளஞ்சூடு இருக்கலாம், கை பொறுக்காத சூடு இருக்கலாகாது. அதன்பின் தோட்டத்திலுள்ள மேட்டில் இரண்டாம் கியரில் ஏற்றிப் பார்த்து, ஊசி நடுவிலேயே நிற்கிறதா என்று கவனிக்கவும். கழற்றிய கிளட்ச் காற்றாடியை எறிந்துவிட வேண்டாம். அதன் நான்கு திருகுகளையும் சிறு பையிலிட்டு அதனோடு கட்டி, கிளட்ச்சைத் தரையில் படுக்க வைக்காமல், வண்டியில் இருந்ததுபோலவே நிமிர்ந்து நிற்குமாறு சுவரில் மாட்டி வைக்கவும். படுத்துக் கிடந்தால் உள்ளேயுள்ள எண்ணெய் மெல்லக் கசிந்துவிடும்.